சாப்பிட மறுக்கும் கடல் மீன்கள்: கேள்வி பதில்

உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், மீன் சாப்பிடவில்லை என்ற கவலையோடு வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் "வேறு என்ன உணவு போடலாம்?" என்றே கேட்டிருக்கிறார்கள். அந்த மீன் கடலில் எங்கே, எப்படி வாய் வைத்துச் சாப்பிடும் என்பதை முதலில் பார்ப்பது என் வழக்கம். அதனால் சில பதில்கள் கேட்டதைவிட்டுச் சற்று விலகிப் போவதுபோலத் தோன்றலாம்.

கேள்வி: ஐயா, காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் வாங்கி ஆறு நாட்கள் ஆகின்றன. பெல்லட் (குருணை உணவு), ஃபிளேக் (செதில் உணவு), உறைந்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) எல்லாம் போட்டுப் பார்த்தேன். அருகில் வந்து உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. பட்டினியால் இறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அருகில் வந்து பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே நல்ல செய்தி. நோயுற்ற மீனும் மிரண்டுபோன மீனும் உணவின் பக்கமே வராது. உங்கள் மீனுக்குப் பசி இருக்கிறது; நீங்கள் போடுவது உணவு என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

அதன் மூக்கைக் கவனியுங்கள். இடுக்கிபோல நீண்ட அந்த வாய், பாறை இடுக்குகளிலும் துளைகளிலும் ஒளிந்திருக்கும் புழுக்களையும் சிறு ஓட்டுயிர்களையும் கொத்தி இழுப்பதற்காக அமைந்தது. நீரோட்டத்தில் மிதந்து போகும் துணுக்கைத் துரத்திப் பிடிப்பது அதன் தொழில் அல்ல. ஆகவே உணவை மாற்றுவதற்கு முன்னால், உணவு கிடைக்கும் இடத்தை மாற்றுங்கள். கடல் மட்டி ஒன்றை ஓரிரவு உறையவைத்து, உருகிய பிறகு ஓட்டைப் பிளந்து, சதையோடு இருக்கும் பாதியை மீன் வழக்கமாகச் சுற்றிவரும் பாறையின் மேல், வாய் எட்டும் உயரத்தில் செருகிவையுங்கள். பம்ப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டு, நீங்களும் தொட்டியிலிருந்து நான்கடி தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் மட்டியை எடுத்துவிட வேண்டும். மறந்தால் அது அழுகி அம்மோனியாவை ஏற்றிவிடும்.

என்னிடம் இருந்த காப்பர்பேண்ட் வாங்கிய ஒன்பதாவது நாள்தான் வாய் திறந்தது. மட்டி வைத்த முதல் நாள் ஓட்டைச் சுற்றி வந்தது. மறுநாள் உடலைச் சாய்த்து, முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் பார்த்தது. மூன்றாம் நாள் சதையின் விளிம்பிலிருந்து நூல்போல ஒன்றைப் பிய்த்தது, துப்பியது, மீண்டும் எடுத்தது, விழுங்கியது. துப்புவதைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்து வேறு உணவுக்குத் தாவிவிடுகிறார்கள். அது சுவை பார்ப்பது. அந்தக் கட்டத்தில் உணவை மாற்றவே கூடாது. மட்டி பழகிய பிறகு, உருகிய மைசிஸ் இறாலை அதே ஓட்டின் சதைக்குள் அழுத்திவையுங்கள். அதன் பிறகு வெறும் ஓட்டில் மைசிஸ், கடைசியாகத் தண்ணீரில் மைசிஸ் என்று படிப்படியாக நகர்த்தலாம்.

தொட்டியில் முரட்டுச் சர்ஜன் மீன் ஏதேனும் இருந்தால் மட்டியை அதுவே முடித்துவிடும். துளைகள் உள்ள ஒளிபுகும் பெட்டியைத் தொட்டிக்குள் வைத்து, காப்பர்பேண்டை மட்டும் அதற்குள் விட்டுப் பழக்குவது அப்போது உதவும்.

கேள்வி: பூண்டுச் சாற்றில் ஊறவைத்த உணவு பசியைத் தூண்டும் என்கிறார்கள். உண்மையா?

வாசனை சில மீன்களை உணவின் பக்கம் இழுக்கலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். உணவை உணவாகவே அறியாத மீனுக்குப் பூண்டு அதைக் கற்றுக்கொடுக்காது. நோய்க்கு மருந்தாக அதை நம்பி நாட்களைக் கடத்துவது ஆபத்து.

கேள்வி: மூன்று மாதமான 100 லிட்டர் தொட்டியில் மாண்டரின் மீன் ஒன்று விட்டிருக்கிறேன். நாள் முழுவதும் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கிறது, ஆனால் மெலிந்துகொண்டே வருகிறது. கொத்துவது சாப்பிடுவதுதானே?

கொத்துவது தேடுவது; ஒவ்வொரு கொத்திலும் ஏதாவது கிடைத்தால்தான் அது சாப்பாடு. மாண்டரினுக்கு இயல்பான உணவு பாறையிலும் மணலிலும் ஊரும் கோபிபாட், ஆம்பிபாட் போன்ற நுண்ணிய ஓட்டுடலிகள். ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுக்கும் மீன் அல்ல அது. விளக்கு எரியும் நேரம் முழுவதும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே இருக்க வேண்டிய உடலமைப்பு அதனுடையது. மூன்று மாதத் தொட்டியில் அந்தச் சிற்றுயிர்கள் போதுமான அளவு பெருகியிருக்காது. இருந்த கொஞ்சத்தையும் உங்கள் மீன் சில வாரங்களில் தீர்த்திருக்கும். உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியேறிய கடற்பாறை) நிறைந்த, குறைந்தது ஓராண்டேனும் பழகிய, 250 லிட்டருக்குக் குறையாத தொட்டியில்தான் மாண்டரினை விட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தொட்டியில் சிக்ஸ்லைன் ராஸ் போல அதே இரையைத் தேடும் மீன் இருந்தால் அந்த அளவும் போதாது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மீனை மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் உடல் கத்திபோல ஒடுங்கியிருந்தாலும், பக்கவாட்டில் பார்க்கும்போது வயிறு உள்வாங்கியிருந்தாலும் நிலைமை அவசரமானது. வலைப்பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, மீனை அதற்குள் மாற்றி, புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாக் குஞ்சுகளையும் உயிருள்ள கோபிபாடையும் நாளுக்கு நான்கைந்து முறை கொடுங்கள். சிறிய இடத்தில் இரை அடர்த்தியாக இருப்பதால் தேடி அலையும் உழைப்பு மிச்சமாகும். மீன் தேறிய பிறகு, உயிருள்ள குஞ்சுகளோடு உறைந்த சைக்ளாப்ஸ் (ஒருவகை கோபிபாட்), மீன் முட்டை ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் சிறிது கூட்டிக் கலந்துவர வேண்டும். அசையும் இரைக்கு நடுவே அசையாத துணுக்கையும் ஒருநாள் அது தவறுதலாகக் கொத்தும். பழக்கம் அப்படித்தான் தொடங்குகிறது.

பெட்டியிலிருந்து வெளியே விட்ட பிறகு, வாய் குறுகிய சிறு கண்ணாடிக் குப்பி ஒன்றை மணலில் படுக்கவைத்து, நீண்ட குழாயால் அதற்குள் உணவைச் செலுத்துங்கள். வேகமாக நீந்தும் மீன்கள் அதற்குள் நுழையத் தயங்கும். மெதுவாக ஊர்ந்து வரும் மாண்டரின் நுழைந்துவிடும். கோபிபாட் வாங்கி விடுவதானால், இரவில், விளக்கும் பம்ப்பும் நின்ற பிறகு பாறையடியில் விடுங்கள். பகலில் விட்டால் பாதி மற்ற மீன்களின் வயிற்றுக்குப் போய்விடும். இவ்வளவும் செய்ய நேரமில்லை என்றால், பழகிய பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிடுவதே நல்லது. அடுத்த முறை வாங்குவதானால், பண்ணையில் இனப்பெருக்கம் செய்யப்பட்ட மாண்டரினைத் தேடுங்கள்; சிறு வயதிலிருந்தே தயார் உணவில் வளர்ந்தவற்றோடு இவ்வளவு போராட வேண்டியிருக்காது.

கேள்வி: எங்கள் சிங்கமீன் உயிருள்ள மீனைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. வாரம் மூன்று தங்கமீன் குஞ்சுகள் போடுகிறோம். இப்படியே தொடரலாமா?

தொடரக் கூடாது. தங்கமீனின் உடலில் தையமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். நன்னீர் மீனின் கொழுப்பும் கடல் மீனுக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களைப் போதிய அளவில் தராது. இந்த உணவிலேயே வளர்ந்த சிங்கமீன் சில மாதங்கள் நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் இது தவறு என்று யாரும் நம்புவதில்லை.

சிங்கமீன் அசைவைப் பார்த்துத் தாக்கும் மீன். அந்த அசைவை நீங்கள் கொடுத்துவிட்டால் போதும். மூன்று நான்கு நாட்கள் எதுவும் போடாமல் இருங்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த சிங்கமீனுக்கு அது ஒரு பொருட்டல்ல. பிறகு நீண்ட பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் உரித்த இறால் துண்டையோ சிறிய கடல் மீனையோ லேசாகச் செருகி, மீனின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோகாமல் ஓரடி முன்னால் பக்கவாட்டில் இழுத்து, நிறுத்தி, மீண்டும் துடிப்பதுபோல அசையுங்கள். இறக்கைகள் விரிந்து மீன் மெல்ல மிதந்து வந்தால் கையை நிறுத்தாதீர்கள்; அசைவு நின்றால் அதன் ஆர்வமும் நின்றுவிடும். முதல் முறை தோற்றால் துண்டை எடுத்துவிட்டு மறுநாள் முயலுங்கள். இடைப்படியாக உயிருள்ள சிறு இறால்களைக் கொடுத்துப் பார்ப்பதும் பலன் தரும்.

கையால் நேரடியாக ஊட்ட ஆசைப்படாதீர்கள். அதன் முதுகு, அடித்துடுப்பு, குதத்துடுப்பு முட்கள் எல்லாவற்றிலும் விஷம் உண்டு. குத்திவிட்டால் அந்த இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் வைத்துக்கொண்டு, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேள்வி: பத்து நாட்கள் நன்றாகச் சாப்பிட்ட ஏஞ்சல் மீன், நேற்றிலிருந்து எதையும் தொடவில்லை. உணவு சலித்துவிட்டதா?

சாப்பிட்டுக்கொண்டிருந்த மீன் திடீரென நிறுத்தினால் சலிப்பு என்று எண்ணாதீர்கள். செவுள் மூடி எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று பாருங்கள். மூச்சு வேகமும் பசியின்மையும் சேர்ந்து வந்தால், வெல்வெட் நோய் (தோலையும் செவுளையும் வேகமாகத் தாக்கும் நுண்ணுயிர் நோய்), செவுள் ஒட்டுண்ணி, அம்மோனியா ஆகிய மூன்றையும் அன்றைக்கே சந்தேகிக்க வேண்டும். வெல்வெட் என்றால் காத்திருக்க நாட்கள் இல்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாகவே இருக்க வேண்டும். மூச்சு சீராக இருந்து, கழிவு மட்டும் வெள்ளை நூல்போல நீண்டு தொங்கினால் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கு மெட்ரோனிடசோலை உணவில் கலந்து கொடுப்பார்கள். மீன் கொஞ்சமாவது சாப்பிடும் நிலையில் இருக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். தனிமைத் தொட்டியில் செம்பு மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் பசியைக் குறைக்கும். அளவைச் சோதனைக் கருவியால் சரிபாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், விளக்கு அணைந்த பிறகு அரை மணி நேரம் தொட்டியைக் கவனியுங்கள். பகலில் சாதுவாகத் தெரியும் மீன், தூங்கும் இடத்திற்காக ஏஞ்சலை விரட்டுவதை அப்போதுதான் பார்ப்பீர்கள்.

கேள்வி: ஆர்ட்டீமியா மட்டும் விரும்பிச் சாப்பிடுகிறது. அதையே கொடுத்தால் போதுமா?

போதாது. வளர்ந்த ஆர்ட்டீமியாவில் கடல் மீனுக்குத் தேவையான நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் மிகக் குறைவு. ஆனால் அதையே ஒரு பையாகப் பயன்படுத்தலாம்: உயிருள்ள ஆர்ட்டீமியாவைக் கொழுப்பு அமிலச் செறிவூட்டியில் சில மணி நேரம் நீந்தவிட்டால் வயிறு நிறைய அதை உறிஞ்சிக்கொள்ளும். அப்போதுதான் முட்டையிலிருந்து பொரித்த குஞ்சுகளுக்கு இது பொருந்தாது, ஏனெனில் முதல் முறை தோலுரிக்கும் வரை அவை எதையும் உட்கொள்வதில்லை. ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்துத்தான் செறிவூட்ட முடியும். உறைந்த ஆர்ட்டீமியா என்றால் ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு மைசிஸ் கலந்து தொடங்கி, மைசிஸின் பங்கை வாரந்தோறும் உயர்த்துங்கள்.

கேள்வி: கடல்குதிரை ஒரு வேளைதான் சாப்பிடுகிறது. சரியா?

கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது. சாப்பிட்டது விரைவில் வெளியேறிவிடும். நாளுக்கு இரண்டு மூன்று முறையாவது கொடுங்கள். நீரோட்டம் குறைந்த மூலையில் ஒரு சிறு கிண்ணம் வைத்து எப்போதும் அதே இடத்தில் போட்டால், சில நாட்களில் நேரத்துக்கு அங்கே வந்து காத்திருக்கும்.

கேள்வி: மூரிஷ் ஐடல் வாங்க ஆசை. எப்படிப் பழக்குவது?

நான் ஒன்றை வைத்திருந்தேன். மைசிஸ், நோரி (உலர்ந்த கடற்பாசித் தாள்), மட்டி எல்லாம் சாப்பிட்டது, மூன்று மாதம் சாப்பிட்டது, ஆனாலும் முதுகுச் சதை கரைந்துகொண்டே போய் இறந்துவிட்டது. அதன் இயற்கை உணவில் கடற்பஞ்சுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வாய் திறப்பதும் உடல் தேறுவதும் வேறு வேறு என்பதை அந்த மீன்தான் எனக்குக் காட்டியது. அக்ரோபோரா பவளத்தின் பாலிப்புகளையே நம்பி வாழும் ஆரஞ்சுப் புள்ளி ஃபைல்ஃபிஷும், பிற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு ராஸும் இதே வரிசையில் வருபவை. எந்த மீனானாலும், விற்பவரிடம் "என் கண் முன்னால் ஒரு முறை ஊட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தயங்கினால் ஒரு வாரம் கழித்துப் போய் மீண்டும் கேளுங்கள்.

கேள்வி: காப்பர்பேண்ட் பற்றி முதலில் கேட்டவன்தான், ஐயா. நீங்கள் சொன்னபடி மட்டி வைத்தேன். இன்று விளிம்பைக் கொத்தியது. தண்ணீரிலும் கொஞ்சம் மைசிஸ் தூவட்டுமா?

இப்போதே வேண்டாம். இன்னும் ஐந்தாறு நாட்கள் அதே நேரம், அதே பாறை, அதே மட்டி என்றே வையுங்கள். நீங்கள் தொட்டியருகே வந்ததும் மீன் அந்தப் பாறைக்கு முந்திப் போய் நிற்கத் தொடங்கும். அன்றைக்கு முதல் மைசிஸை ஓட்டுக்குள் அழுத்திவையுங்கள்.