மலைநாட்டில் பவளத் தொட்டி: சில்லர் வேண்டாம், ஹீட்டர் இரண்டு வேண்டும்

கேள்வி: நுவரெலியாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் பவளத் தொட்டி வைக்கப் போகிறோம். கொழும்புக் கடை ஒன்று தொட்டி, சம்ப் (தொட்டிக்குக் கீழே நிற்கும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி), விளக்கு, சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி), 300 வாட் ஹீட்டர் ஒன்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: அது கொழும்புக்குப் போட்ட பட்டியல். அங்கே பகலில் அறையே 30 பாகைக்கு மேல் போகும். தண்ணீரைக் குளிர்விப்பதுதான் பெரும்பாடு. பவளத்துக்குத் தேவை 25, 26 பாகை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் தை, மாசி இரவுகளில் வீட்டுக்குள்ளேயே 12 பாகைக்கு இறங்கலாம். ஆகவே சில்லரைக் கழித்துவிட்டு விலை கேளுங்கள். ஹட்டன், பண்டாரவளைக்காரருக்கும் அது வேண்டியதில்லை. பங்குனி, சித்திரைப் பகல்களில் சம்பின் மேல் சிறு மின்விசிறி போதும். கண்டிக்காரர் மட்டும் சில்லருக்குப் பணம் ஒதுக்கி வைக்கட்டும்.

மிச்சமாகும் பணத்தில் இன்னொரு 300 வாட் ஹீட்டரும், தனியாக வெப்பம் அளந்து மின்சாரத்தை நிறுத்தும் கன்ட்ரோலரும் வாங்குங்கள். 600 வாட்டில் ஒன்றே ஒன்று கூடாது. ஹீட்டர் கெடுவது இரண்டு விதம்: எரியாமல் போகும், அல்லது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். 300 வாட் ஒன்று அணையாமல் நின்றாலும் உங்கள் குளிரில் தொட்டி கொதித்துவிடாது; ஒன்று செத்தாலும் மற்றது விடியும்வரை தாங்கும். கன்ட்ரோலரை 25.5 பாகையிலும் ஹீட்டர்களின் சொந்தத் திருகை 27 பாகையிலும் வையுங்கள். அவற்றைச் சம்பில் ஸ்கிம்மர் நிற்கும் அறையில் படுக்கையாகப் போடுங்கள். பம்ப் இருக்கும் அறையில் ஆவியாகி நீர் குறையும். ஹீட்டர் காற்றில் நின்று எரிந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும். 300 வாட் ஹீட்டர் ஒன்று நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 108 யூனிட். பில் அடுக்கடுக்காக ஏறும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. தொட்டியின் பின்பக்கத்துக்கும் அடிக்கும் ஓர் அங்குல ரெஜிபோம் கொடுங்கள்.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்று உண்டு. உங்கள் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். நீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். விளக்கு அணைந்தபின் மீனும் பவளமும் பக்டீரியாவும் அதைத்தான் பங்கு போட வேண்டும். ஸ்கிம்மரை ஓர் அளவு பெரிதாக, 1,000 லீற்றருக்கானதாக எடுங்கள். அலை பம்ப் ஒன்று நீர்மட்டத்தைக் கலக்கும்படி மேல்நோக்கி நிற்கட்டும்.

கண்ணாடி 12 மில்லிமீற்றர், மேல் விளிம்பில் பட்டிகளோடு. பட்டியில்லாத தொட்டி என்றால் 15. ஒட்டியபின் சிலிக்கன் குறைந்தது ஒரு வாரம் காய வேண்டும். வீட்டில், தன் ஸ்டாண்டின் மேல், மூன்று நாள் வெறும் நீர் நிரப்பிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். வளைவுப் பாதையில் லொறியில் வந்த தொட்டி கடையில் ஒழுகவில்லை என்பது ஒரு சாட்சியே அல்ல.

கேள்வி: சம்ப் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கடைக்காரர் “பெரிசா இருந்தா நல்லது” என்கிறார்.

பதில்: கணக்குப் போட்டே சொல்லலாம். 150 க்கு 60 சென்ரிமீற்றர் தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் நீர் என்பது 9 லீற்றர். கரண்ட் போனதும், மேலே நீர் தள்ளும் குழாயின் வாய் மூழ்கியிருக்கும் ஆழம்வரை தண்ணீர் பின்னோக்கி இறங்கும். வாய் 4 சென்ரிமீற்றர் மூழ்கியிருந்தால் 36 லீற்றர். குழாய்களிலும் வடிபெட்டியிலும் (தொட்டி நீர் வழிந்து சம்புக்கு இறங்கும் பெட்டி) உள்ளது இன்னும் 10. 120 x 45 x 40 சென்ரிமீற்றர் சம்பில் நீர் 22 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும்படி ஓட்டினால் ஏறத்தாழ 97 லீற்றர் இடம் காலியாக இருக்கும். அது போதும். நீர் பின்னோக்கி இறங்குவதை நிறுத்தக் குழாயில் போடும் காற்றுத் துளையை மட்டும் நம்பாதீர்கள், பாசி அடைத்துவிடும்.

கேள்வி: பழைய தோட்டத்துப் பங்களா, பலகைத் தளம். இந்த அளவுத் தொட்டி தாங்குமா?

பதில்: வேண்டாம். நீர், கண்ணாடி, கல், சம்ப், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து 900 கிலோவை நெருங்கும். அது நிற்பது ஒரு சதுர மீற்றருக்கும் குறைந்த இடத்தில். வீட்டுத் தளங்களுக்குச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ என்றுதான் பொதுவாகக் கணக்கிடுவார்கள். நிலத்தோடு இருக்கும் கொங்கிரீட் தளத்தில் வையுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் மரம் விழுந்து மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. ஜெனரேட்டர் வாங்கவா?

பதில்: முதலில் 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பற்றரியும் சிறு இன்வெர்ட்டரும். ஈயப் பற்றரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும், 15 வாட் அலை பம்ப் ஒன்றை 30 மணி நேரமாவது ஓட்டலாம். உயிர்களைக் காப்பது அந்த அலைதான். ஹீட்டரை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள். பற்றரி இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். திறந்த தொட்டி குளிர் இரவில் மணிக்கு அரைப் பாகை அளவில் இறங்கக்கூடும். பக்கங்களில் கம்பளி போர்த்தி, மேலே காற்றுப்போக இடம் விட்டு மூடினால் இறக்கம் மெதுவாகும்.

இடி மின்னல் காலத்தில் ஊரெல்லாம் வெளிச்சமிருக்க, உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் மட்டும் விழுந்து கிடக்கும். வீட்டில் ஆளில்லாத நாளென்றால் தொட்டி போயிற்று. மின்பணியாளரிடம் தொட்டிக்குத் தனி 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். உப்பு மட்டும் வாங்கிக் கலந்தால் போதாதா?

பதில்: குடிக்க நல்ல தண்ணீர் பவளத்துக்கு நல்லதென்று இல்லை. பீலிக்கு மேலே தேயிலை இருந்தால் உரத்தின் நைத்திரேற்று வரும். கொப்புள நோய்க்கு அடிக்கும் செப்புப் பங்கசுநாசினியும் வரலாம். செப்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் பவளத்தையும் கொல்லும். டீடீஎஸ் மீற்றர் (நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் கருவி) 30 காட்டுகிறதென்று திருப்திப்படாதீர்கள். அந்த 30 எதனால் ஆனது என்று அது சொல்லாது.

அழுக்கு வடிகட்டி, கரி, ஆர்ஓ சவ்வு (நீரை அழுத்தித் தள்ளி வடிப்பது), டீஐ பிசின் (மிஞ்சிய உப்புகளைப் பிடிப்பது) என்று நான்கு கட்டமும் உள்ள கருவி வேண்டும். குடிநீர் ஆர்ஓ வேறு, அதில் சில மாதிரிகள் தாதுவைத் திரும்பச் சேர்க்கும். கூரைத் தாங்கி மூன்று மீற்றர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 4 பீஎஸ்ஐ. சவ்வுக்கு 50 ஆவது வேண்டும். பூஸ்டர் பம்ப் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நாளில் இவ்வளவு நீர் வடியும் என்று பெட்டியில் போட்டிருக்கும் அளவு 25 பாகை நீருக்கானது; 15 பாகை நீரில் முக்கால் பங்குகூடக் கிடைக்காது.

சம்போடு சேர்த்து 600 லீற்றருக்கு முதல் தடவை 22 கிலோ உப்பு வேண்டும். பிறகு இரண்டு வாரத்துக்கொரு தடவை 90 லீற்றர் மாற்ற மூன்றேகால் கிலோ. நீரைச் சூடாக்கிவிட்டு, ஓடும் நீரில் உப்பைக் கொட்டுங்கள்; உப்பின்மேல் நீரை ஊற்றினால் கல்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். பெரிய மூட்டை மலிவுதான், ஆனால் பனிமூட்டத்தில் ஈரம் இழுத்துக் கல்லாகும். இறுக மூடும் வாளி எடுங்கள்.

கேள்வி: திருகோணமலையில் இருக்கும் மச்சான் உயிருள்ள கல்லும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளக் கல்) பவளமும் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அவரை வம்பில் மாட்டாதீர்கள். கரையோர வலயத்தில் பவளம் எடுப்பதும், வைத்திருப்பதும், கொண்டு செல்வதும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குற்றம். செத்த பவளக் கல்லும் இதில் அடங்கும். கல்லுக்கு சீமெந்து அல்லது பீங்கான் கலவையில் செய்தது வாங்குங்கள். வன்பவளங்கள் எல்லாம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. விற்பவரிடம் இறக்குமதி அனுமதியின் பிரதி கேளுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: பாவித்த தொட்டி பாதி விலைக்கு வருகிறது.

பதில்: முதலில் கேட்க வேண்டியது, அதில் நோய் மீனுக்குச் செப்பு மருந்து போட்டார்களா என்பது. போட்டிருந்தால் சிலிக்கனிலும் கல்லிலும் ஊறியிருக்கலாம். நன்னீர் மீனுக்கு வேண்டுமானால் எடுக்கலாம். மூலைகளில் சிலிக்கன் ஓரம் நகத்தால் உரியுமா, மூட்டுக்குள் வெண்மையான காற்றுக் குமிழி தெரிகிறதா என்று பாருங்கள். உரிந்தால் பிரித்து ஒட்டும் கூலியைச் சேர்த்துப் பாருங்கள், பாதி விலை முழு விலையாகிவிடும்.