மனைவியையும் அவருடைய பிள்ளைகளையும் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்வது: கேட்ட தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். கனடாவில் பிஆர் (நிரந்தர வதிவுரிமை) கிடைத்து 2 வருடம். போன வருடம் யாழ்ப்பாணம் போய், விவாகரத்தான ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்திருக்கிறீர்கள். அவருக்கு 9 வயதில் ஒரு மகளும் 16 வயதில் ஒரு மகனும். மகள் தாயோடு இருக்கிறா, மகன் தகப்பனோடு. "மகன் எப்படியும் வரப்போவதில்லை, அவனைப் போட்டால் ஃபைல் சுணங்கும் என்கிறார்கள். மனைவியையும் மகளையும் மட்டும் போட்டு அனுப்பலாமா?"

அனுப்பக்கூடாது. வராத மகனின் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும். இந்த ஒன்றில் பிழை விட்டால் பிறகு திருத்த வழி மிகக் குறைவு.

குடிவரவு ஒழுங்குவிதியில் 117(9)(டி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, கூட வராத குடும்ப உறுப்பினரை அறிவிக்காமல் விட்டாலோ, அவரைப் பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்டாலோ, அந்த உறுப்பினரைப் பிறகு குடும்பப் பிரிவில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. பிள்ளை முன்னாள் கணவரின் முழுப் பராமரிப்பில் இருந்தாலும் இதே விதிதான், ஏனென்றால் பராமரிப்பு ஏற்பாடு நாளைக்கு மாறலாம். இரண்டு வருடம் கழித்து "அம்மாட்ட வரப்போறன்" என்று பெடியன் சொன்னால் மனைவி கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இந்தக் காரணத்தால் மறுத்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவு மனிதாபிமானக் காரணங்களைப் பார்க்கவும் இடமில்லை. 2019-இல் இதற்கு ஒரு தற்காலிகச் சலுகைத் திட்டம் தொடங்கினார்கள் என்பது உண்மை. அது ஏற்கெனவே பிழை விட்டவர்களில் சிலருக்கு மட்டும். அதை நம்பி இப்போது மறைக்க வேண்டாம்.

மகனைப் போட்டால் செலவு கூடுமா என்றால், கூட வராத பிள்ளைக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. "கூட வருகிறாரா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று போடுங்கள். மருத்துவப் பரிசோதனை மட்டும் அவனும் செய்ய வேண்டும். ஐஆர்சிசி (கனடாவின் குடிவரவுத் திணைக்களம்) உங்களுக்கு அறிவுறுத்தல் கடிதம் அனுப்பும், அதில் உள்ள எண்ணோடு அவர்களுடைய பட்டியலில் உள்ள மருத்துவரிடம் போக வேண்டும். குடும்ப வைத்தியரின் றிப்போர்ட் செல்லாது. 16 வயதுக்கு உடல் பரிசோதனை, சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தம் எல்லாம் உண்டு. 9 வயது மகளுக்கு உடல் பரிசோதனையும் சிறுநீரும் போதும். எக்ஸ்ரே 11 வயதிலிருந்து, இரத்தப் பரிசோதனை 15 வயதிலிருந்து. பிள்ளைக்கு ஏதாவது நாட்பட்ட வருத்தம் இருந்தாலும் பயப்பட வேண்டாம். மருத்துவச் செலவு கூடுதலாக வரும் என்ற காரணத்தைக் காட்டி ஸ்பொன்சர் செய்யும் துணைவரையும் அவருடைய பிள்ளைகளையும் மறுக்க முடியாது. இது தெரியாமல் பிள்ளையின் வருத்தத்தை மறைத்து, உண்மையை மறைத்த குற்றத்தில் மாட்டுப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கல் வருவது தகப்பன் மகனைப் பரிசோதனைக்கு விடாதபோதுதான். "எனக்கு அந்தாளோட கதை இல்லை" என்று மனைவி சொல்வது அதிகாரிக்குப் பதில் ஆகாது. கேட்டதற்குத் தடயம் வேண்டும்: பதிவுத் தபாலில் போன கடிதமும் அதன் பற்றுச்சீட்டும், வைபரில் கேட்ட செய்தியும் அவர் தந்த பதிலும், தேவையானால் சட்டத்தரணி மூலம் ஒரு கடிதம். இவற்றோடு ஒரு விளக்கக் கடிதமும் வையுங்கள். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால், மகனைப் பின்னால் ஸ்பொன்சர் செய்ய முடியாமல் போகலாம் என்பது தனக்குத் தெரியும் என்று மனைவி எழுதித் தர வேண்டி வரலாம். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன் ஒரு முறைக்கு மூன்று முறை தகப்பனோடு கதைத்துப் பாருங்கள். எக்ஸ்ரே எடுத்தால் பிள்ளை கனடா போய்விடுவான் என்று நினைத்துத்தான் பெரும்பாலும் மறுப்பார்கள். வரப்போவதில்லை, பின்னால் கதவு மூடாமல் இருக்கத்தான் இது என்று விளங்கப்படுத்தினால் இறங்கி வருவார்கள்.

பெயரைக் கொடுத்து, பரிசோதனையும் முடிந்தால் மகனுக்கு அவசரம் இல்லை. மனைவி இங்கே வந்து பிஆர் ஆனபின், மகன் 22 வயதுக்குள், திருமணமாகாமல் இருந்தால் அவவே ஸ்பொன்சர் செய்யலாம். வயதைப் பார்ப்பது முழுமையான விண்ணப்பம் அவர்கள் கையில் கிடைக்கும் நாளை வைத்து. ஒரு படிவம் குறைந்து விண்ணப்பம் திரும்பி வந்தால் அந்த நாள் கணக்கில் வராது. 21 வயதுப் பிள்ளை உள்ளவர்கள் இதில்தான் கவிழ்கிறார்கள்.

இனி மகள். அவவுக்கென்று தனி விண்ணப்பம் வேண்டாம், தாயின் விண்ணப்பத்தில் சார்ந்த பிள்ளையாக வருவா. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் "பிள்ளைக்கு வேறயா போட வேணும், 18 வயசுக்கு முதல் கலியாணம் நடந்திருக்க வேணும்" என்று சொன்னால் அது அங்கத்தைச் சட்டம். அங்கே குடியுரிமை உள்ளவர் மனைவிக்கும் பிள்ளைக்கும் தனித்தனியாக ஐ-130 என்ற மனு போட வேண்டும். கனடாவுக்கு அது பொருந்தாது.

மகளுக்குத் தேவையானது தகப்பனின் சம்மதம். படிவம் ஐஎம்எம் 5604. கூட வராத பெற்றோர், பிள்ளை கனடாவில் குடியேறுவதற்குத் தனக்கு ஆட்சேபனை இல்லை என்று அதிகாரம் உள்ள ஒருவர் முன்னிலையில் கையெழுத்து வைப்பது. அவருடைய கையெழுத்து தெரியும் அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்து வையுங்கள். அட்டையில் உள்ள கையெழுத்தும் படிவத்தில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். சிலர் அட்டையில் தமிழில் வைத்துவிட்டுப் படிவத்தில் ஆங்கிலத்தில் வைப்பார்கள், அதற்கே ஒரு விளக்கக் கடிதம் தேவைப்படும். தகப்பன் மறுத்தால், பிள்ளையின் பராமரிப்பு தாய்க்கு என்றும் நாட்டை விட்டுக் கூட்டிப்போக அனுமதி என்றும் தெளிவாகச் சொல்லும் நீதிமன்றக் கட்டளை வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பை எடுத்து ஒரு வரி விடாமல் வாசியுங்கள். "பராமரிப்பு தாய்க்கு, மாதத்தில் இரண்டு நாள் தகப்பன் பார்க்கலாம்" என்று மட்டும் இருந்தால், அந்தப் பார்க்கும் உரிமை வெளிநாட்டுப் பயணத்தைத் தடுக்கப் போதும். மாவட்ட நீதிமன்றத்தில் அதை மாற்றி எடுக்க மாதக்கணக்கில் போகும். ஆகவே விண்ணப்பம் போட்டபிறகு என்று இருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.

விவாகரத்தில் இன்னொரு பொறி. இலங்கையில் முதலில் டிக்ரி நைசை (இடைக்காலத் தீர்ப்பு), குறைந்தது 3 மாதம் கழித்துத்தான் டிக்ரி அப்சொலூட் (இறுதித் தீர்ப்பு). இரண்டாவதற்கு முன் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. உங்கள் பதிவுத் திகதியையும் அப்சொலூட் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதிவு முந்தியிருந்தால் மூடி மறைக்காமல் சட்டத்தரணியைப் பார்த்து மறுபடி பதிவு செய்யுங்கள். விவாகப் பதிவில் மணமகளின் நிலை என்ற இடத்தையும் பாருங்கள். வெட்கத்துக்காக விவாகரத்தானவரை முதல் திருமணம் போல எழுதிவிடுகிறார்கள். பிறகு விண்ணப்பத்தில் இரண்டு பிள்ளைகளும் ஒரு முன்னாள் கணவரும் வந்தால் அதிகாரி எதை நம்புவது?

இதை வாசிக்கும் வேறு யாருக்காவது முதல் கணவர் யுத்தத்தில் காணாமற்போனவர் என்றால் ஒரு விடயம். காணாமற்போனமைக்கான சான்றிதழ் மரணச் சான்றிதழ் இல்லை. அது கையில் இருப்பதால் முதல் விவாகம் முடிந்ததாகாது. மரணம் பதியப்பட்டிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் அந்த விவாகத்தைக் கலைத்திருக்க வேண்டும்.

மகளின் பெயரைப் பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். பெயருக்குப் பின்னால் முதல் தகப்பனின் பெயர்தான் இருக்கும், இருக்கட்டும். உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டாம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொரு பெயர், பாடசாலைக் கடிதத்தில் மூன்றாவது பெயர் என்று வந்தால் ஒவ்வொன்றுக்கும் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள், குடும்பத்தில் ஒருவர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்கமாட்டார்கள். மகளின் கடவுச்சீட்டு எத்தனை வருடத்துக்கு என்றும் பாருங்கள். விசா அதன் முடிவுத் திகதியைத் தாண்டாது.

ஃபைல் மறுக்கப்படுவதில் கனக்க நடப்பது "உண்மையான திருமணம் இல்லை" என்ற காரணத்தில். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. மறுமணம் என்றால் ஊருக்குச் சொல்லாமல், மண்டபம் எடுக்காமல், பதிவாளர் முன்னால் நாலு பேரோடு முடித்துவிடுவோம். தமிழ்த் திருமணம் என்றால் கோயில், தாலி, ஐந்நூறு பேர் என்று பழகிய அதிகாரிக்கு அந்த நாலு பேர் படம் சந்தேகத்தைக் கொடுக்கும். உங்கள் உறவைப் பற்றிக் கேட்கும் ஐஎம்எம் 5532 படிவத்தில் திருமண நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்கும் இடத்தில் "எளிமையாக நடந்தது" என்று எழுதிவிட்டு விடாதீர்கள். ஏன் எளிமை, யார் வந்தார்கள், உங்கள் தாய் தகப்பன் வராவிட்டால் ஏன் வரவில்லை, யார் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது, பிள்ளைகள் இருப்பது உங்களுக்கு எப்போது தெரியும், எல்லாவற்றையும் எழுதுங்கள். படங்கள் 20-க்கு மேல் கேட்பதில்லை, தொடர்பாடல் ஆதாரம் 10 பக்கம். ஆகவே 20 படமும் ஒரே நாளில் ஒரே சேலையில் இருக்கக்கூடாது. மகளோடு நீங்கள் இருக்கும் படங்கள், பாடசாலைக் கட்டணத்துக்கு அனுப்பிய காசின் பற்றுச்சீட்டு, மகளோடு வீடியோவில் கதைத்த பதிவு ஆகியவற்றைக் கட்டாயம் சேருங்கள். நேர்முகம் வைத்தால் மகள் எத்தனையாம் வகுப்பு, மகன் என்ன பாடம் எடுக்கிறான் என்று இரண்டு பேரிடமும் கேட்பார்கள்.

உங்கள் பக்கம். கனடாவில் வசிக்க வேண்டும், அரச உதவிப் பணம் எடுக்கக்கூடாது (அங்கவீனக் கொடுப்பனவு பரவாயில்லை), தீர்க்கப்படாத வங்குரோத்து இருக்கக்கூடாது. நீங்களே துணைவர் ஸ்பொன்சரில் வந்தவர் என்றால் பிஆர் ஆகி 5 வருடம் பொறுக்க வேண்டும். குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று உங்களுக்கு இல்லை, பெற்றோரைக் கூப்பிடும் கணக்கோடு குழப்ப வேண்டாம். ஆனால் வருமான வரியில் இன்னும் "தனியாள்" என்று போட்டிருந்தால் உடனே மாற்றுங்கள். திருமணமானதை அடுத்த மாத முடிவுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் வரி மதிப்பீட்டில் தனியாள் என்று இருந்தால் விண்ணப்பத்துக்கு அதுவே எதிர்ச்சாட்சி.

கட்டணம் 2024 ஏப்ரல் 30 விகிதப்படி: ஸ்பொன்சருக்கு 85 டொலர், மனைவியின் விண்ணப்பத்துக்கு 545, வதிவுரிமைக்கு 575, மகளுக்கு 175, மனைவியின் கைரேகைக்கு 85. மொத்தம் 1,465 ஆக இருந்தது. கைரேகை 14 வயதிலிருந்துதான் என்பதால் மகளுக்கு இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டுகிறார்கள், கட்டும் அன்று இணையத்தில் பார்த்துக் கட்டுங்கள். மனைவி கடந்த 10 வருடத்தில் மத்திய கிழக்கில் 6 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். அது வரத்தான் இலங்கைச் சான்றிதழைவிட நாளெடுக்கும்.

கையெழுத்து வைக்கும் பொறுப்புக் காலத்தை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். கியூபெக் தவிர்ந்த இடங்களில் மனைவிக்கு 3 வருடம், மகளுக்கு 10 வருடம் அல்லது 25 வயது வரை, எது முதலில் வருகிறதோ அது. நாளைக்கு நீங்களும் மனைவியும் பிரிந்தாலும் அது போகாது. அவர்கள் அரச உதவி எடுத்தால் கடன் உங்கள் பெயரில் விழும்.

இடையில் குழந்தை பிறந்தால், மனைவி இங்கே வந்து இறங்குமுன் அறிவித்துச் சேர்க்க வேண்டும். நீங்கள் பிஆர் மட்டும் என்பதால் அங்கே பிறக்கும் பிள்ளை கனடியர் ஆகாது, அறிவிக்காமல் விட்டு, பிறகு மனைவி ஸ்பொன்சர் செய்யப் போனால் மகனுக்குச் சொன்ன அதே 117(9)(டி) அந்தக் குழந்தைக்கும் பாயும். தகப்பன் மனம் மாறி மகனை விடச் சம்மதித்தால், முடிவு வருமுன் எழுதி "கூட வருகிறார்" என்று மாற்றிப் பிள்ளைக்கான கட்டணத்தைக் கட்டலாம். மகனுக்கும் 5604 வேண்டும், 14 வயது தாண்டியதால் கைரேகையும்.

வந்து இறங்கியபின் மகளின் பாடசாலைப் பதிவு, சுகாதார அட்டை, பிள்ளைக் கொடுப்பனவு எல்லாவற்றையும் தாயின் பெயரிலேயே தொடங்குங்கள். ஸ்பொன்சர் செய்ததால் மட்டும் நீங்கள் சட்டப்படி தகப்பன் ஆகமாட்டீர்கள். நீங்கள் குடியுரிமை எடுத்தாலும் அது உங்கள் வழியாக மகளுக்கு வராது. மனைவி விண்ணப்பிக்கும்போது, மகள் 18 வயதுக்குள் இருந்தால் அவவோடு சேர்த்துப் போடலாம்.