அஸ்பெரிக் வில்லை (லென்ஸ்) என்றால் என்ன?

கிளிநொச்சிக் கண்ணாடிக் கடையில் இந்தச் சொல்லைக் கேட்டுக் குழம்புபவர்களுக்காக எழுதுகிறேன். சாதாரண வில்லையின் முகப்பு பந்தின் ஒரு துண்டு போன்றது, எங்கும் ஒரே வளைவு. ஓரத்தால் வரும் ஒளி அதில் தேவைக்கு மேல் வளைவதால், நடுவால் வரும் ஒளியோடு ஒரே புள்ளியில் சேராது, படம் மங்கும். இது எப்படியென்றால், வாய்க்காலில் எல்லா மடையையும் ஒரே அளவில் திறந்தால் தலைப்பு வயலில் வெள்ளம், கடைசி வயலில் வெடிப்பு. (இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவருக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.) அஸ்பெரிக் வில்லையில் ஓரத்துக்குப் போகப்போக வளைவை மாற்றி இந்த மங்கலைச் சரிசெய்கிறார்கள்.

போன் கமரா அவ்வளவு சின்னதாக இருக்க இதுவும் ஒரு காரணம். கண்ணாடியிலோ, பிளஸ் பவர் கூடியவர்களுக்கு ஓரம் மங்காமலே வில்லையைத் தட்டையாக்கலாம். கண்ணும் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

அப்புறம், அஸ்பெரிக் போட்டால் வெளிச்சம் தெறிக்காது என்பது தவறு. அது மேற்பூச்சின் வேலை.