மாதவிடாய் சீராகிவிட்டது, இப்போதே கருத்தரிக்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. திருமணமாகி ஆறு வருடம் ஆகிறது. சினைப்பை நீர்க்கட்டி இருந்ததால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வரும். 108 கிலோ இருந்தேன். ஏழு மாதங்களுக்கு முன் எடையைக் குறைக்க இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, குடலின் ஆரம்பப் பகுதியைத் தாண்டி இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டேன். இப்போது 80 கிலோ. மூன்று மாதமாகத் தேதி தவறாமல் மாதவிடாய் வருகிறது. ஒரு வருடமாவது பொறுக்கச் சொல்லிக் கருத்தடை மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?

பதில்: ஆறு வருடம் காத்திருந்தவரிடம் இன்னும் பொறுங்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் அதைத்தான் சொல்கிறேன்: அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடுங்கள்.

உங்கள் உடம்பில் நடந்திருப்பது நல்ல மாற்றம். உடல் பருமனால் இன்சுலின் அதிகமாகச் சுரக்கும்போது, சினைப்பை ஆண்களுக்கான ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் கருமுட்டை முதிர்ந்து வெளிவருவது தடைபடும். எடை இறங்க ஆரம்பித்ததும் இன்சுலின் குறைகிறது, முட்டை வெளிவரத் தொடங்குகிறது. பலருக்கு இது சில மாதங்களிலேயே நடந்துவிடும். ‘எனக்குத்தான் தரிக்காதே’ என்ற பழைய எண்ணத்தில் கவனமில்லாமல் இருந்து, எதிர்பாராமல் கர்ப்பமாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கரு தரிக்கிற நாள் வேறு, அந்தக் கருவுக்கு ஊட்டம் கொடுக்க உடம்பு தயாராகிற நாள் வேறு. இப்போது உங்கள் எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. சாப்பிடும் அளவு கொஞ்சம். அதிலும் இரும்புச்சத்து, கால்சியம் உறிஞ்சப்படும் குடலின் ஆரம்பப் பகுதியை உணவு தொடாமலே போகிறது. பி12 உறிஞ்சப்படுவதும் குறைந்துவிடும். இந்த நிலையில் கர்ப்பம் வந்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. எடை ஓரிடத்தில் நின்ற பிறகு வரும் கர்ப்பத்தில் உங்களுக்கு லாபமும் உண்டு: கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் வரும் வாய்ப்பு, பழைய எடையோடு ஒப்பிட்டால் நன்றாகவே குறையும். உங்களுக்கு 38 வயது என்றால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தியிருப்பேன். 31 வயதில் இந்தச் சில மாதங்களால் பெரிதாக எதுவும் கைநழுவாது.

சரி, அதுவரை கருத்தடைக்கு என்ன செய்வது? பைபாஸுக்குப் பிறகு வாய்வழி மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் இன்னும் மோசம். காப்பர் டி போன்ற கருப்பைக்குள் வைக்கும் சாதனமோ, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியோ நல்லது. அந்த மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள்.

இந்த மாதங்களில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பின் அளவு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம் எல்லாவற்றையும் பரிசோதித்துக் குறையைச் சரிசெய்யுங்கள். என்னிடம் வந்த ஒருவர் பாதி தீர்ந்த இரும்புச்சத்து மாத்திரை அட்டையை மேசையில் வைத்து, ‘தினமும் போடுகிறேன் டாக்டர், ஏறவே இல்லை’ என்றார். அவர் அதையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கருத்தரிக்க முயல்வதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்கிவிட வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் எடையையும் சர்க்கரையையும் பார்த்து மருத்துவர் சொல்வார். பி12 குறைவு இருந்தால் அதையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும், ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் அந்தக் குறைவு வெளியே தெரியாமல் போகலாம். இப்போது போடும் சத்து மாத்திரையின் அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் இருந்தால் மாற்றித் தருவார்கள், கர்ப்பத்தில் அது அதிகமானால் கருவுக்குக் கெடுதல்.

அப்புறம், கர்ப்பமான பிறகு இரண்டு விஷயம் மறக்கவே கூடாது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் சொன்னால், பைபாஸ் ஆனதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் குடித்த ஒருவருக்குக் கால் மணி நேரத்தில் வியர்த்துக்கொட்டி, நெஞ்சு படபடத்து, பரிசோதனைக் கூடத்து பெஞ்சிலேயே படுக்கவைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாக 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்த்தால் போதும்.

இரண்டாவது, வயிற்று வலி. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருப்பை பெரிதாகும்போது குடல் உள்ளே ஒரு இடுக்கில் நழுவி மாட்டிக்கொள்ளலாம். விட்டு விட்டோ தொடர்ந்தோ கடுமையாக வலித்தால் வாயுதான் என்று வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பைபாஸ் பற்றித் தெரிந்த அறுவை சிகிச்சை மருத்துவர் பார்க்க வேண்டிய வலி அது.

பைபாஸ் ஆனதற்காகவே சிசேரியன் தேவையில்லை. சுகப்பிரசவத்துக்குத் தடை எதுவும் இல்லை.

நீங்கள் இதுவரை எந்தத் தடுப்பும் இல்லாமல் இருந்திருப்பதால், நாளைக் காலையிலேயே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். இல்லை என்று வந்தால் கருத்தடைக்கு நாள் குறியுங்கள். இரண்டு கோடு வந்துவிட்டால் பயந்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். சீக்கிரம் கருத்தரித்தவர்களிலும் நல்லபடியாகப் பெற்றெடுத்தவர்கள் நிறையப் பேர். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனையைத் தொடங்கிவிடுங்கள், குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க ஸ்கேன் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும்.