கேள்வி நேரம்: கலங்கலை அளக்கும் பெட்டி

? ஆரஞ்சு எல்.இ.டி., எல்.டி.ஆர். (ஒளிக்கேற்ப மின்தடை மாறும் உறுப்பு), ஆர்டுயினோ (சிறு கணினிப் பலகை) வைத்து, திரவம் எவ்வளவு கலங்குகிறது என்று பார்த்துப் பாக்டீரியா வளர்ச்சியை அளக்கிறேன். முதல் மூன்று மணி நேரம் கோடு அசைவதே இல்லை. ஜன்னலில் வெயில் ஏறினால் மட்டும் அளவு மாறுகிறது.
– வாசகி, அல்சூர், பெங்களூரு

எல்.டி.ஆரைக் கழற்றிவிடுங்கள். வெளிச்சம் மாறினாலும் பழைய மதிப்பிலேயே கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருக்கும் ஜாதி அது. உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பி.பி.டபிள்யூ.34 போட்டோடையோடு (ஒளியை மின்னோட்டமாக்கும் சென்சார்) கேளுங்கள். கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதுதான் வேண்டும். கறுப்பாக இருப்பது அகச்சிவப்புக்கு மட்டுமே கண் திறக்கும்; உங்கள் ஆரஞ்சு ஒளி அதற்குத் தெரியாது. அதன் மின்னோட்டத்தை வோல்ட்டாக மாற்ற எம்.சி.பி.6002 ஆப்-ஆம்பில் (பெருக்கிச் சிப்) 1 மெகா ஓம் பின்னூட்ட ரெசிஸ்டர், அதற்கு இணையாக 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர், வெளியீட்டை ஏ.டி.எஸ்.1115-க்கு (வோல்ட்டை எண்ணாக்கும் சிப்) கொடுங்கள்.

கோடு படுத்துக் கிடப்பதற்குப் பெரும்பாலும் பாக்டீரியா காரணமல்ல. ஒளி அதிகமாகி வெளியீடு உச்சத்தில் முட்டி நின்றால், தொடக்க வளர்ச்சி தெரியவே தெரியாது. குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டுப் பால் விட்டுப் பாருங்கள். அளவு இறங்காவிட்டால் அதுதான் கோளாறு. 5 வோல்ட் சப்ளையில், வெறும் புரோத்துக்கு (பாக்டீரியா விடாத வளர்ப்புத் திரவம்) 3 வோல்ட் வரும்வரை எல்.இ.டி.யின் தொடர் ரெசிஸ்டரை ஏற்றுங்கள்.

வெயில் நுழைவது பெட்டியின் இடுக்கு வழியாக மட்டுமல்ல. சோதனைக் குழாயின் கண்ணாடிச் சுவரே வாயிலிருந்து ஒளியைக் கீழே இறக்கிவிடும். ஆகவே கறுப்பு மூடி கட்டாயம். அதோடு எல்.இ.டி. எரியும்போது ஒன்று, அணைத்தபின் ஒன்று, இரண்டுக்கும் நடுவே 100 மில்லி விநாடி விட்டு அளந்து கழியுங்கள். ஏ.டி.எஸ்.1115-ஐ விநாடிக்கு 8 மாதிரி வேகத்தில் வைத்தால் டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் மினுக்கமும் சராசரியில் கரைந்துவிடும்.

கலங்கலின் அளவுகோல் ஓ.டி. (ஆப்டிகல் டென்சிட்டி). ஓ.டி. = லாக்10 (வெறும் புரோத் ÷ மாதிரி). 3 வோல்ட் 1.5 ஆனால் 0.30.

இன்குபேட்டருக்குள் வைத்ததுமே அளக்கத் தொடங்காதீர்கள். ஆரஞ்சு எல்.இ.டி. சூடேறினால் மங்கும், 10 சதவீதம் மங்கினாலே 0.046 ஓ.டி. பொய்யாக ஏறும். அரை மணி நேரம் எரியவிட்டு, பிறகு வெறும் புரோத்தை அளந்துகொள்ளுங்கள்.

? தயிரிலிருந்து பாக்டீரியாவை எடுத்து வளர்க்கலாமா? கல்லூரி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (ஒளி அளக்கும் ஆய்வகக் கருவி) ஓ.டி. 1.6 வரும் மாதிரிக்கு என் பெட்டி 1.0 காட்டுகிறதே?
– மாணவர், சிவாஜி நகர், பெங்களூரு

தாராளமாக. வீட்டுக்கு அதுதான் பாதுகாப்பு. சாக்கடை நீர், தொண்டைச் சளி வேண்டாம். தயிர்த் தண்ணீர் 0.1 மி.லி.யை 10 மி.லி. எம்.ஆர்.எஸ். புரோத்தில் (தயிர் பாக்டீரியா வளரும் ஊட்டத் திரவம்) விட்டு 37 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். அதிலிருந்து 0.1 மி.லி. எடுத்து மறுபடி புதுப் புரோத்துக்கு. இப்படி இரு முறை மாற்றாவிட்டால் பால் புரதத்தின் கலங்கலையும் சேர்த்து அளப்பீர்கள். செல்கள் அடியில் படியும். அளக்குமுன் மெல்லச் சுழற்றுங்கள், நுரை வரக் கூடாது.

1.6, 1.0 இரண்டுமே பொய்யில்லை. செல்கள் ஒளியை விழுங்குவதைவிடச் சிதறடிப்பதுதான் அதிகம். முன்பக்கமாகச் சிதறியதில் எவ்வளவைச் சென்சார் பிடிக்கிறது என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். சென்சார் முன்னே 3 மி.மீ. துளை வைத்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் வித்தியாசம் குறையும். ஒரே வளர்ப்பை ஐந்தாறு அடர்த்தியில் நீர்த்து இரண்டு கருவியிலும் அளந்து வரைபடம் போடுங்கள். 0.4-க்கு மேல் போனால் அதே புரோத்தால் பத்து மடங்கு நீர்த்து அளப்பதே உத்தமம். இரட்டிப்பு நேரத்தை (செல்கள் இரு மடங்காக ஆகும் நேரம்) 0.05 முதல் 0.4 வரையிலான பகுதியில் மட்டும் கணக்கிடுங்கள்.

? புரோத்தைக் குக்கரில் ஸ்டெரிலைஸ் செய்தால் போதுமா?
– வாசகர், கே.ஜி.எஃப்.

போதும், நேரத்தைக் கூட்டினால். பெங்களூரு, கோலார் பக்கமெல்லாம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர்வாக்கில் இருப்பதால், 15 பி.எஸ்.ஐ. வெயிட் போட்ட குக்கரும் 121 டிகிரியை எட்டாது, 119 பக்கம் நிற்கும். வெயிட் ஆடத் தொடங்கியபின் 30 நிமிடம் வையுங்கள். வேலை முடிந்த வளர்ப்பையும் இப்படியே வேகவைத்துக் கொட்டலாம். அல்லது பத்தில் ஒரு பங்கு பிளீச் கலந்து அரை மணி நேரம் கழித்துக் கொட்டலாம். பிளீச் ஊற்றியதைக் குக்கரில் மட்டும் ஏற்றாதீர்கள், குளோரின் ஆவி கிளம்பும்.