வாய்ச்சொல்லை நம்பி மெத்தை வாங்கினேன், திருப்பித் தர முடியுமா?

"பத்து நாள் படுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொள்கிறோம்" என்று திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடையில் சொன்னதாகவும், ரசீதில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில், மெத்தையில் குறை இருக்கிறதா, பிடிக்கவில்லையா? நடுவில் குழி விழுந்தாலோ, சொன்ன அளவு இல்லாவிட்டாலோ அது குறை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீதில் கெடு குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. அச்சடித்த ஒரு வரி அந்த உரிமையைப் பறித்துவிடாது.

வெறுமனே பிடிக்கவில்லை என்றால் பொதுவான திருப்பும் உரிமை கிடையாது. கடைக்காரரின் வாக்குறுதிதான் ஆதாரம். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். நிரூபிப்பதுதான் பெரும்பாடு. ஆகவே இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில், "பத்து நாளில் திருப்பலாம் என்றீர்களே, எப்போது எடுக்க வருவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் மறுக்காமல் எழுதும் எந்தப் பதிலும் பொன்னானது. உடன் வந்தவர் சாட்சி சொல்லலாம். மெத்தையின் மேலுறையைக் கிழித்துவிடாதீர்கள்.

மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதற்கும் மேல் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.