வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதிப்பது கிறிஸ்தவர்களுக்குப் பாவமா?

பாவம் இல்லை. குறைந்தபட்சம் கத்தோலிக்கப் போதனைப்படி, மீள வழியில்லாத நிலையில் அது கொலையும் இல்லை. 1957 நவம்பரில் மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசிய திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமை உண்டு, நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ பெரும் சுமையாகும் அசாதாரண வழிகளுக்குக் கட்டாயமில்லை என்று விளக்கினார்.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1975-இல் 21 வயது காரன் ஆன் குயின்லன் கோமாவில் விழுந்தபோது, கத்தோலிக்கரான அவளுடைய பெற்றோர் தங்கள் பங்குக் குருவிடம் பேசி, மனசாட்சியோடு போராடி, அப்புறம்தான் கருவியை எடுக்கச் சொன்னார்கள். மருத்துவர்கள் மறுக்க, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1976 மார்ச்சில் அனுமதி கிடைத்தது, அந்தத் தீர்ப்பே திருத்தந்தையின் உரையையும் எடுத்துப் பேசியது.

கருவியை எடுத்த பிறகும் அவள் தானாகவே மூச்சுவிட்டாள், 1985 வரை உயிரோடிருந்தாள்! உணவு செலுத்தும் குழாயை எடுக்கும்படி பெற்றோர் கேட்கவே இல்லை. எனக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது இதுதான். அவர்கள் கேட்டது மகளின் சாவை அல்ல, அவளை வதைப்பதாகத் தோன்றிய ஒரு கருவியிலிருந்து விடுதலையை. சாகடிக்க ஊசி போடுவதைத் திருச்சபை இன்றும் ஏற்பதில்லை.

அதனால் நீங்கள் சம்மதித்தாலும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துவிடுங்கள், வலி மருந்தைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.